மகிழ மரத்தடியில் ஒரு வாக்கு

ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே வீடுதோறும் எழும் கேள்வி ஒன்று உண்டு. “இந்த லீவுக்கு எங்கே போகிறோம்?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். “பார்க்கலாம்” என்று தந்தை சொல்வார். பெரியவர்களுக்கு அது பேச்சை முடிக்கும் சொல். குழந்தைக்கோ அது கொடுத்த வாக்கு. மே மாதம் கரைந்து, பள்ளி திறக்கும் நாள் நெருங்கும்போது குழந்தை கேட்பதை நிறுத்திவிடும். அந்த மௌனத்தை முதலில் உணர்பவர்கள் பெரும்பாலும் வீட்டிலுள்ள தாத்தாவும் பாட்டியுமே.

அந்த மௌனத்துக்கு அஞ்சிக் கடன் வாங்கிப் புறப்படும் குடும்பங்களும் உண்டு. கடன் அட்டையின் நிலுவைக்கு மாதம் 3 விழுக்காடு வட்டி என்றால், ஆண்டுக்கு 36 விழுக்காடு. நான்கு நாள் மலைவாசத்துக்குப் பன்னிரண்டு மாதம் தவணை கட்ட வேண்டியிருக்கும். பயணத்தின் இனிமை ஒரு வாரத்தில் மங்கிவிட, தவணை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்து நிற்கும்.

வாக்கும் பொய்க்கக் கூடாது, கடனும் சேரக் கூடாது. இதற்கு வழி சொல்லும் தலம் ஒன்று சென்னையின் வடகோடியில், கடலோரத்தில் இருக்கிறது. அதன் பெயர் திருவொற்றியூர். ஒற்றி என்னும் சொல்லுக்கு அடமானம் என்றும் ஒரு பொருள் உண்டு என்பது இங்கே நினைக்கத் தக்கது.

சுந்தரர் இங்கே சங்கிலியாரை மணக்க விரும்பினார். பிரிந்து செல்வதில்லை என்று சத்தியம் செய்தால் இசைவதாகச் சங்கிலியார் தெரிவித்தார். திருவாரூரை மறக்க இயலாத சுந்தரர் ஓர் உபாயம் எண்ணினார். தாம் கருவறை முன்னே சத்தியம் செய்யும் வேளையில் இறைவன் மகிழ மரத்தடியில் எழுந்தருளியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். இறைவனோ, மகிழடியிலேயே சத்தியம் வாங்கும்படி சங்கிலியாருக்கு உணர்த்திவிட்டார். வேறு வழியின்றிச் சுந்தரர் அங்கேயே சத்தியம் செய்தார். பின்னர் ஆரூர் நினைவு மேலிட்டு ஒற்றியூர் எல்லையைக் கடந்தபோது இரு கண்களின் பார்வையும் மறைந்தது. காஞ்சியில் இடக் கண்ணும் திருவாரூரில் வலக் கண்ணும் பெற்றார் என்பது பெரிய புராணம்.

தம்பிரான் தோழருக்கே வாக்கில் வைத்த சந்து பலிக்கவில்லை என்றால், “பார்க்கலாம்” என்னும் நம் சந்து எப்படிப் பலிக்கும்? ஊட்டி என்று ஆசை காட்டிவிட்டுக் கடைசி நாளில் கோயிலுக்கு அழைத்துப் போனால், குழந்தைக்கு ஊட்டியும் இல்லை, கோயிலிலும் மனம் ஒன்றாது. “இந்த ஆண்டு மூன்று நாள், இன்னின்ன இடங்கள், இரவு நம் வீட்டில் உறக்கம்” என்று முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்வதே நேர்மை. சொன்ன மூன்று நாளையும் குறைவின்றி நிறைவேற்றுவது அதனினும் முக்கியம். விடுதி வாடகை இல்லை என்னும்போதே செலவின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது.

முதல் நாள்: ஒற்றியூர்

2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டது. ‘திருவொற்றியூர் தேரடி’ என்னும் நிலையத்தில் இறங்கினால் கோயில் அருகிலேயே. அதே ஆண்டில் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 50 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அந்தக் கணக்கில் ஆறு பேர் கொண்ட குடும்பம் போய்வர, மிகுதியாகப் பார்த்தாலும் 600 ரூபாய். மாநகரப் பேருந்தின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதையும் கணக்கில் கொள்ளலாம்.

காலை ஏழு மணிக்குள் கோயிலில் இருப்பது நல்லது. கத்திரி வெயில் ஏறினால் கல் தரையில் பிஞ்சுப் பாதங்கள் தாங்கா. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லால் எழுப்பப்பட்ட விமானம், படுத்த யானையின் பின்புறம் போல் வளைந்திருக்கும். ‘யானை எங்கே?’ என்று கேட்டால் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். 27 நட்சத்திரங்களுக்கும் தனித்தனி லிங்கங்கள் உள்ளன. ஒவ்வொரு பிள்ளையும் தன் நட்சத்திர லிங்கத்தைத் தேடி வணங்கட்டும். ஆதிபுரீசுவரர் ஆண்டு முழுவதும் கவசத்துடன் காட்சி தருபவர். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டுமே கவசம் நீங்கும். அதைச் சொன்னால், மறுபடி வர வேண்டும் என்ற ஆவல் தானே பிறக்கும்.

வடிவுடையம்மன் சந்நிதியில் சொல்ல வள்ளலாரின் வரலாறு இருக்கிறது. ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்த சிறுவன் இராமலிங்கம் நாள்தோறும் இத்தலத்துக்கு வந்து வழிபடுவார். ஓரிரவு நேரம் கடந்து வீடு திரும்பியவர், கதவைத் தட்டி யாரையும் எழுப்ப மனமின்றிப் பசியோடு திண்ணையில் படுத்துவிட்டார். அண்ணியின் வடிவில் அன்னையே வந்து அமுதூட்டினாள் என்பர். இதைக் கேட்ட பின் நண்பகல் அன்னதானத்தில் பந்தியில் அமரும் குழந்தைக்கு அந்தச் சோறு பிரசாதமாகவே தெரியும்.

மாலையில் பட்டினத்தார் சமாதி. கடற்கரைச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் ஓயாது ஓடும். நடப்பதை விட ஆட்டோவே பாதுகாப்பு. கடலைப் பார்க்கலாம், கற்பாறைகளில் இறங்க விடலாகாது. பெருஞ்செல்வத்தைத் துறந்த அந்தத் துறவி தம் இறுதி நாளை இங்கே சிறுவர்களோடு விளையாடிக் கழித்தார். தம்மைக் கூடையால் மூடச் சொல்லி மறைவதும் தோன்றுவதுமாக விளையாடி, முடிவில் லிங்கமாக நின்றார் என்பது மரபு. எல்லாம் வேண்டாம் என்றவர் குழந்தைகளின் விளையாட்டை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இரண்டாம் நாள்: இராயபுரம்

1856 இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. அந்த நிலையக் கட்டடம் தூண்களோடு இன்றும் நிற்கிறது. அருகே காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால், கோடை விடுமுறையில் விசைப்படகுகள் வரிசையாக ஓய்ந்து நிற்கும். மீன் இனம் பெருகக் கடலுக்கும் விடுமுறை தருகிறோம் என்பது பிள்ளைகளுக்கு நல்ல பாடம். மாலையில் இராயபுரம் அங்காளம்மனைத் தொழுது வீடு திரும்பலாம்.

மூன்றாம் நாள்: இரு அன்னையர்

மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடையம்மன் இச்சா சக்தி. ஒற்றியூரில் வடிவுடையம்மன் ஞான சக்தி. வடதிருமுல்லைவாயிலில் கொடியிடையம்மன் கிரியா சக்தி. பௌர்ணமியோடு கூடிய வெள்ளியன்று மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது வழக்கம். சிறு பிள்ளைகளோடு அந்தக் கூட்டத்தில் அலைய வேண்டியதில்லை. ஒற்றியூரை முன்பே தரிசித்துவிட்டதால், இன்று காலை கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் மீஞ்சூரில் இறங்கி மேலூர்; நடை சாத்தும் நண்பகலில் வீட்டில் ஓய்வு; மாலையில் திருமுல்லைவாயில். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு ரயிலில் கட்டணம் இல்லை. புளியோதரையும் தயிர்சாதமும் தண்ணீரும் வீட்டிலிருந்தே வந்தால் கைப்பணம் பெரிதும் மிஞ்சும்.

தொலைதூரப் பயணம் வேண்டாம் என்பதில்லை. ஓய்வூதியத்திலிருந்து மாதம் 300 ரூபாய் தொடர் வைப்பில் இட்டால், ஆண்டு முடிவில் 3,600 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும். மகன் அதே அளவு சேர்த்தால் இரட்டிப்பாகும். அந்தத் தொகைக்குள் அடங்கும் ஊரை அடுத்த ஆண்டு பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும்.

அந்த வாக்கை ஒற்றியூர் மகிழடியில் நின்றே கொடுக்கலாம். கொடுக்குமுன் கணக்கை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது. அங்கே கொடுத்த சொல்லுக்கு இறைவனே சாட்சி.