சிலைக்குக் கண்ணாடி... கண்ணாடிக்குக் காவலாளி!

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் வரவு-செலவு போட்டுப் பார்க்கிற வியாதி உண்டு. ஆனால், கியூபாவின் தலைநகர் ஹவானாவில் இருக்கும் ஒரு சிலையின் கணக்கை மட்டும் என்னால் ‘டேலி’ பண்ணவே முடியவில்லை!

வெடாடோ பேட்டையில், 17-ம் தெருவும் 6-ம் தெருவும் சந்திக்கிற இடத்தில் ஒரு பூங்கா. அங்கே பெஞ்சில் கால் மேல் கால் போட்டு ஜாலியாக உட்கார்ந்திருக்கிறார், வெண்கல ஜான் லெனன். பாடகர், கவிஞர், பீட்டில்ஸ் குழுவின் வாயாடி. உயரமான பீடமெல்லாம் கிடையாது. யார் வேண்டுமானாலும் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போடலாம். வடித்தவர் சிற்பி ஹோசே வில்லா சோபெரோன்.

போட்டார்கள் ஐயா கையை... தோளில் இல்லை, மூக்குக் கண்ணாடியில்! லெனன் என்றாலே அந்த வட்டக் கண்ணாடிதானே? கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புதுசு மாட்டினால் அதுவும் அபேஸ்! கடைசியில் ஒரு காவலாளியையே நியமித்தார்கள். கண்ணாடி அவர் பாக்கெட்டில் இருக்கும். போட்டோ எடுக்க யாராவது வந்தால் மாட்டிவிடுவார். ‘க்ளிக்’ ஆனதும் கழற்றிக்கொள்வார். ஒரு கண்ணாடியைக் காப்பாற்ற மாசாமாசம் சம்பளம்! எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார், சொல்லுங்கள்?

லெனன் கியூபாவுக்குப் போனதே இல்லை என்பது ஒரு தமாஷ். அடுத்தது தமாஷ் இல்லை. அறுபதுகளில் அங்கே அதிகாரிகளுக்கு பீட்டில்ஸ் என்றாலே ஆகாது. ‘முதலாளித்துவச் சரக்கு’ என்று வானொலியில் ஒதுக்கினார்கள். முடி வளர்த்த பையன்களை முறைத்தார்கள். பையன்கள் ராத்திரியில் ஃப்ளோரிடா வானொலியைத் தேடிப் பிடித்து, சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டார்கள்.

அப்புறம் சிலையைத் திறந்து வைத்தது யார்? சாட்சாத் ஃபிடல் காஸ்ட்ரோ! 2000 டிசம்பர் 8. நியூயார்க்கில் தன் வீட்டு வாசலில் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டு அன்றைக்குச் சரியாக 20 வருஷம். தானும் அவரைப் போலக் கனவு காண்கிற ஆசாமிதான் என்றார் காஸ்ட்ரோ.

என் அப்பாவும் இப்படித்தான். ப்ளஸ் டூ சமயத்தில் பாட்டு கேட்டேன் என்று ரேடியோவைப் பரணில் தூக்கிப் போட்டவர், ரிட்டயரானதும் ஒருநாள், “அந்தப் பாட்டைப் போடேன்டா” என்றார். போட்டேன். கண்ணை மூடி ரசித்தார். எனக்குச் சந்தோஷம்தான். கூடவே சுருக்கென்று ஒரு கோபம். பரணில் போன அந்த ஒரு வருஷத்துக்கு யார் நஷ்டஈடு?

திறப்பு விழா அன்று, ஹவானாவில் ஐம்பதைத் தொட்ட எத்தனையோ பேருக்கு இதே சுருக் இருந்திருக்கும். கண்ணாடியைச் சுட்டவர்களில் அப்படி ஒருத்தர் இருந்திருப்பாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். ஆதாரம் கேட்காதீர்கள், கிடையாது. இருந்திருந்தால், என் பேரேட்டில் அதைத் திருட்டு என்று எழுத மாட்டேன்... ‘பழைய பாக்கி வசூல்’!