மோட்டார் வண்டியின் சோதனைப் பொருத்துவாய்

மருத்துவன் நாடி பார்த்து உடலின் நிலையை உணர்கின்றான். மோட்டார் வண்டியின் நிலையை உணர்தற்கும் அத்தகையதோர் இடமுண்டு. அதுவே சோதனைப் பொருத்துவாய். புதிய வண்டிகளில் எளிதிற் புலப்படும் இது, பழைய வண்டிகளிற் பலவேறிடங்களில் மறைந்து கிடக்கும். இதனை நாடாது, பழுதற்ற உறுப்புக்களைக் கழற்றிப் புதியன வாங்கிப் பொருளிழப்போர் பலர்.

முதற்கண், வண்டியில் இப்பொருத்துவாய் உண்டா என்பதைத் துணிதல் வேண்டும். மொறிஸ் மைனர் போன்ற காபுரேற்றர் வண்டிகளில் இயந்திரத்தை ஆளுங் கணனி இல்லை. ஆதலின் ஆங்கு இதனைத் தேடுதல் வீண்.

புகையால் வாடிய கலிபோர்ணியா மாநிலமே, 1988ஆம் ஆண்டு வண்டிகள் தொடக்கம், கணனி தன் குறைகளைத் தானே கண்டு விளக்கொளியால் அறிவித்தல் வேண்டுமென விதித்தது. பொருத்துவாயின் வடிவத்தையும் இடத்தையும் அவ்விதி வரையறுக்கவில்லை. எனவே நிறுவனங்கள் தத்தம் விருப்பின்படி அமைத்தன. 1996ஆம் ஆண்டு வண்டிகளிலிருந்து ஐக்கிய அமெரிக்கா முழுவதற்கும் ஒரே வடிவம் விதிக்கப்பட்டது. ஐரோப்பாவிற் பெற்றோல் வண்டிகளுக்கு அது 2001இல் வந்தது. இரு வரிசையில் 16 முனைகளையுடைய இப்பொருத்துவாய், சுக்கானுக்கு அண்மையில், கருவிப்பலகையின் கீழ் இருக்கும்.

அதற்கு முற்பட்ட வண்டிகளோ பலதிறத்தன. ஜெனரல் மோட்டர்ஸ் வண்டிகளில் 12 முனைப் பொருத்துவாய் சாரதியின் முழங்காலுக்கு மேலே காணப்படும். ரொயோட்டாவில் இயந்திர அறையினுள் மூடியிட்ட சிறு பெட்டியாக அமையும். நிசானின் 14 முனைப் பொருத்துவாய் உருகிப்பெட்டியின் அருகே இருக்கும். பி.எம்.டபிள்யூ வண்டிகளிற் பல, இயந்திர அறையில் 20 முனைகளையுடைய வட்டப் பொருத்துவாயைக் கொண்டவை.

ஆகவே தேடுவோர் முதலிற் கைந்நூலையும், இயந்திர மூடியின் உட்புறத்து ஒட்டுச்சீட்டையும் படித்தல் நன்று. பின்னர்க் கருவிப்பலகையின் அடி, சாம்பற்கிண்ணத்தின் பின்புறம், உருகிப்பெட்டி, ஈற்றில் இயந்திர அறை என முறையே நோக்குக.

வடிவம் ஒன்றாயினும் மொழி ஒன்றாகாது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. 1994, 1995 ஆம் ஆண்டு வண்டிகள் சிலவற்றில் 16 முனை வடிவமிருந்தும் பழைய முறையே வழங்கிற்று. அவற்றிற் புதிய சோதனைக் கருவி ஊமையாகும்.

பழைய ரொயோட்டாவிற் குறித்த இரு முனைகளைக் கம்பியால் இணைத்துச் சாவியைத் திருப்பின், எச்சரிக்கை விளக்கு மின்னி மின்னிக் குறைக்குரிய எண்ணைக் காட்டும். ஒரு முறையும், சிறிது இடைவிட்டு இரு முறையும் மின்னுமாயின் அவ்வெண் 12 ஆகும். ஆயின் முனைகளின் பெயரை ஐயமறத் தெளிந்த பின்னரே கம்பியைத் தொடுக. பற்றறியின் மின் பாயும் முனையைத் தவறாக இணைப்பின் உருகி எரியும், கணனியுங் கெடக்கூடும்.

ஈற்றிற் கிடைக்கும் எண், நோயன்று, நோயின் குறியே. ஒட்சிசன் உணரியைச் சுட்டும் எண், குழாயொன்றின் வெடிப்பாற் காற்றுப் புகுதலானும் எழலாம். குறியைக் கண்டு காரணத்தை ஆராய்பவனே பணத்தையும் வண்டியையும் ஒருங்கே காப்பான்.