உஷார்! பென்டிரைவில் வரும் கம்பைலர்

மும்பை லாமிங்டன் ரோட்டில் போர்டு வாங்கும்போது கடைக்காரர் ஒரு பென்டிரைவையும் நீட்டி, டூல்செயின் எல்லாம் இதிலேயே இருக்கிறது என்பார். வாங்கிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் மட்டும் சொருகிவிடாதீர்கள்.

போன மாதம் ராத்திரி பதினொன்றரைக்கு செம்பூரிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். கடைசி வருஷ இன்ஜினியரிங். தாராவி தொண்ணூறடி ரோட்டுத் தையல் பட்டறைக்கு, மெஷினில் எத்தனை உருப்படி முடிந்தது என்று எண்ணும் பெட்டி செய்கிறான். திங்கட்கிழமை மாட்டியாக வேண்டும்.

"அண்ணா, ஃபைல் அங்கயே இருக்கு. எல்எஸ் போட்டா தெரியுது. ஓட்டினா 'நோ சச் ஃபைல்'ங்குது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு!"

லினக்ஸ் காணோம் என்று சொன்னது அவனுடைய ஃபைலை அல்ல, அதை மெமரியில் ஏற்றும் லோடரை. பென்டிரைவ் கம்பைலர் சாஃப்ட் ஃப்ளோட், போர்டில் இருந்த லினக்ஸ் ஹார்ட் ஃப்ளோட். தசம எண்ணை எந்த ரிஜிஸ்டரில் கைமாற்றுவது என்பதிலேயே இரண்டுக்கும் ஆகாது; லோடரின் பெயரும் வேறு. கம்பைலர் பெயரின் வாலில் 'ஹெச்எஃப்' என்று இரண்டு எழுத்து உண்டா என்று பார்த்திருந்தால் அன்று தூங்கியிருப்பான்.

ஹெச்எஃப் இருந்தால் மட்டும் தப்பித்தோமா? பழைய ராஸ்பெர்ரி பை ஸீரோவில் நான் இரண்டு நாள் தொலைத்த கதை இது. அதன் பிராசஸர் ஆர்ம்வி6. உபுண்டுவில் ஆப்ட் போட்டால் வருகிற ஹெச்எஃப் கம்பைலர் ஆர்ம்வி7-க்கு. ஓட்டியதும் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்'. ஆப்ஷனில் ஆர்ம்வி6 என்று கொடுத்தேன், திரும்பவும் அதேதான். என் கோடு ஆர்ம்வி6 ஆகிவிட்டது. மெயினுக்கு முன்னால் ஓடும் ஸ்டார்ட்அப் கோடு டூல்செயினோடு ஏற்கெனவே ஆர்ம்வி7-ஆகக் கட்டப்பட்டு வந்தது. அதை எந்த ஆப்ஷனும் மாற்றாது. ரீட்எல்ஃப் கமாண்டுக்குப் பெரிய 'ஏ' கொடுத்துப் பார்த்தபோதுதான் 'வி7' என்று பல்லிளித்தது. கிராஸ்டூல்-என்ஜியிலோ பில்ட்ரூட்டிலோ ஆர்ம்வி6-க்கென்றே டூல்செயினை முழுதாகக் கட்டிக்கொள்வது ஒரு வழி. மணிக்கணக்கில் ஓடும், ஓடட்டும்.

ரிஸ்க்-வி பக்கம் போகிறவர்களுக்கும் இதே குழிதான். சி-டாக்கின் தேஜஸ்32 சிப்புக்குத் தெரிந்தது ஆர்வி32ஐஎம் மட்டும். டூல்செயின் தன் இஷ்டத்துக்கு 'சி' எனும் சுருக்கக் கட்டளைகளைச் சேர்த்தால் சிப் திணறி நிற்கும்.

புதுசாக இருந்தால் நல்லது என்று நினைக்கிறவர்களே, ஜிலிப்சி எனும் சி லைப்ரரி ஞாபகமிருக்கட்டும். 2021-இல் வந்த 2.34-க்குப் பிறகு, அதை வைத்துக் கட்டிய வெறும் 'ஹலோ வேர்ல்டு' கூடப் பழைய ஜிலிப்சியில் ஓடாது. டெபியன் 11 வைத்திருக்கும் போர்டில் இருப்பது 2.31. முதலில் போர்டில் எல்டிடி வெர்ஷன் கேளுங்கள், கம்பைலரை அப்புறம் தேடலாம்.

இதுவரை சொன்னவை ஓடாமல் நின்று காட்டிக்கொடுத்துவிடும். எனக்குப் பயம், ஓடிக்கொண்டே கெடுப்பவற்றை நினைத்துத்தான். 2015-இல் சீனாவில் ஆப்பிளின் எக்ஸ்கோடு டவுன்லோடு ஆக நேரமாகிறது என்று பலர் பைடுவின் ஷேரிங் தளத்திலிருந்து எடுத்தார்கள். அந்தப் பிரதியில் விஷம். கட்டிய ஆப் எல்லாவற்றிலும் அதுவே தன்னைச் சேர்த்துக்கொண்டது, வீசாட்டும் மாட்டியது. எழுதியவர்களின் சோர்ஸில் ஒரு வரி தப்பில்லை. கம்பைலரே இப்படிச் செய்ய முடியும் என்று கென் தாம்ஸன் 1984-இல் வெளியான டூரிங் விருது உரையிலேயே சொல்லிவிட்டார். ஆர்ம் தளத்தில் டூல்செயின் பக்கத்திலேயே ஷா256 எண் இருக்கிறது. சரிபார்க்க ஒரு நிமிஷம் போதும்.

போன் வந்த மறுநாள் செம்பூர்ப் பையன் மாட்டுங்காவில் என் வீட்டில் உட்கார்ந்து, மூன்றாவது காபிக்குள் சரியான ஹெச்எஃப் கம்பைலரில் கட்டி முடித்தான். திங்கட்கிழமை பெட்டி ஓடியது. பட்டறை அண்ணாச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கரண்ட் போனா கணக்கு அழிஞ்சிருமால?" என்றாராம். பையன் அன்று ராத்திரியும் போன் செய்தான்.