திருநாவுக்கரசு என்னும் பெயர்

நாவிற்கு அரசர் என்னும் பொருட்டாய இப்பெயர் பெற்றோர் இட்டதன்று. திருவதிகை வீரட்டானத்திறைவன் மருணீக்கியார்க்கு அருளியதென்பது பெரியபுராணம். வாகீசர் என்னும் வடசொல்லும் அப்பொருளதே.

இதனை மக்கட்பெயராக முதற்கண் காண்பது திங்களூர் அப்பூதியடிகள் மனையிலாம். நாயனாரை நேரிற் காணாமுன்னரே, மைந்தர் இருவர்க்கும் இதனையே சூட்டினார். மூத்த, இளைய என்னும் அடையே வேற்றுமை. ஆவிற்கும், அளவைக்கும், நிறைகோலுக்குங்கூட அதுவே பெயர்! வாழைக்குருத்து அரியச் சென்று அரவு தீண்டி மாண்ட மூத்த திருநாவுக்கரசைப் பதிகம் பாடி எழுப்பினவர் அப்பெயர்க்குரிய பெருமானே.

இருபதாம் நூற்றாண்டில் மறைமலையடிகள் (1876-1950) தம் மைந்தருள் ஒருவர்க்கு இட்டதும் இப்பெயரே. இந்நாளிற் குழந்தைகட்கு இடுவோர் அருகினர். இட்டவருள்ளும் சிலர் நீளங் கருதி 'அரசு' என்றே அழைக்கின்றனர். நாவை நீக்கியபின் இறைவன் அருளிய பொருள் அதன்கண் இல்லை.