நெருப்பு எழுதிய வேதம்: சூரிச் தேவாலயத்தின் வர்ணக் கண்ணாடிகள்

சூரிச் நகரின் லிம்மாற் ஆற்றங்கரையில், மெல்லிய பச்சைக் கூர்ங்கோபுரத்துடன் நிற்கும் பிறாவுமுன்ஸ்ரர் தேவாலயத்தை எம்மவர் பலர் அறிவர். வேலைக்கும் வதிவிட அனுமதி அலுவல்களுக்கும் விரையும்போது அதனைக் கடந்து செல்கின்றோம். உள்ளே நுழைந்தவர் சிலரே. அண்மையில் ஒரு குளிர்கால முற்பகலில், பிள்ளைகள் சிலரையும் அழைத்துக்கொண்டு நாம் உள்ளே சென்றோம். பீடப் பகுதியை அடைந்ததும், வெயில் வந்த நேரமாகையால், பிள்ளைகளின் முகங்களில் சிவப்பும் நீலமும் மஞ்சளும் படிந்தன.

அங்கே 5 நெடிய சாளரங்கள் உள்ளன. ஏறத்தாழ 10 மீற்றர் உயரமானவை. 1970இல் பொருத்தப்பட்ட இவற்றை ஆக்கியவர் மார்க் சகால் என்னும் ஓவியர். இடப்புறச் சுவரிலுள்ள செந்நிறச் சாளரத்தில், தீர்க்கதரிசி எலியா நெருப்புத் தேரில் விண்ணுக்கு எழுகின்றார். அவருடைய சீடர் எலிசா அதனைக் கண்ணுறுகின்றார். நெருப்பைச் சொல்லும் கதை, நெருப்பால் ஆன பொருளிலேயே எழுதப்பட்டிருக்கின்றது.

மணலும் சாம்பலும்

கண்ணாடி நெருப்பின் பிள்ளை. மணல் தனித்து உருகுவதற்கு ஏறத்தாழ 1700 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பழைய விறகு உலைகளால் அவ்வளவு வெப்பத்தைத் தர இயலாது. ஆகவே மணலுடன் மரச்சாம்பலைக் கலந்தனர். சாம்பலிலுள்ள பொற்றாசியம் உப்பு, மணலைக் குறைந்த வெப்பத்திலேயே உருகச் செய்கின்றது. 12ஆம் நூற்றாண்டில் தியோபிலஸ் என்னும் துறவி எழுதிய கைந்நூல், 2 பங்கு பீச் மரச் சாம்பலுக்கு 1 பங்கு மணல் எனக் கணக்குச் சொல்கின்றது. எரிந்து முடிந்ததன் மிச்சமே ஒளியை உள்ளே விடும் பொருளுக்கு முதலாகின்றது.

இந்த உருகிய குழம்புடன் கோபால்ற் சேர்ந்தால் நீலம். செம்போ பொன்னோ சேர்ந்தால் சிவப்பு. உலையின் தீக்கு அஞ்சியே 1291இல் வெனிஸ் அரசு கண்ணாடி உலைகளை நகரிலிருந்து முறானோ தீவுக்கு மாற்றியது. வணங்கத்தக்க நெருப்பே அஞ்சத்தக்கதாகவும் இருந்தது.

சகாலின் வரைபடங்களைப் பிரான்சின் றைம்ஸ் நகரப் பட்டறையில் சார்ள்ஸ் மார்க் என்னும் கைவினைஞர் கண்ணாடிக்கு மாற்றினார். நிறப்படலம் போர்த்த கண்ணாடியை அமிலத்தால் அரித்து, ஒரே துண்டில் கடும் நிறமும் மென்னிறமும் வரச்செய்தார். அதன்மேல் உலோக ஒட்சைட்டும் கண்ணாடித்தூளும் கலந்த கருமைப் பூச்சினால் சகால் தம் கையால் கோடுகளை வரைந்தார். பின்னர் துண்டுகள் 600 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் மீண்டும் சுடப்பட்டன. அந்த இரண்டாம் நெருப்பே கோட்டைக் கண்ணாடியுடன் பிரிக்கவியலாதவாறு ஒன்றாக்குகின்றது.

துரத்தப்பட்டவரின் கை

சகால் 1887இல், இன்று பெலாறுஸ் நாட்டிலுள்ள வீற்றெப்ஸ்க் நகரை அண்டிய யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். பிரான்சில் வாழ்ந்த அவர், நாசிகளிடமிருந்து தப்பி 1941இல் அமெரிக்காவுக்கு ஓடினார், 1948இல் திரும்பினார். கண்ணாடி வேலையில் இறங்கியதோ எழுபதை அண்டிய வயதில்.

அவரை ஏற்ற இடமும் கருதத்தக்கது. 853இல் பெண் துறவியர் மடமாக நிறுவப்பட்ட பிறாவுமுன்ஸ்ரர், 1524இல் நகரசபையிடம் ஒப்படைக்கப்பட்டது. சுவிங்கிளியின் சமயச் சீர்திருத்தம் அதே ஆண்டில் சூரிச் தேவாலயங்களிலிருந்து படங்களையும் சிலைகளையும் அகற்றியது. படம் வேண்டாமென்ற அச்சபையின் வழிவந்தோர், நான்கரை நூற்றாண்டின் பின் யூதர் ஒருவரின் ஓவியத்துக்குத் தம் பீடத்தைத் திறந்துவிட்டனர். யேர்மனியின் மைன்ஸ் நகரில், போரில் குண்டுவீச்சுக்குள்ளான புனித ஸ்தேவான் தேவாலயத்துக்கும் அவர் 1978 முதல் 9 நீலச் சாளரங்களை ஆக்கிக் கொடுத்தார். 1985இல் மறைந்தார்.

பிள்ளை கேட்ட கேள்வி

நெருப்பு எமக்கும் புதிதன்று. ஓமத்தீயும் கார்த்திகை விளக்கும் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோவில் தீமிதிப்பும் எம்மவர் நெஞ்சில் உள்ளன. எம்மிடையேயுள்ள கிறிஸ்தவர், தூய ஆவி நெருப்பு நாவுகளாக இறங்கியதை நினைவுகூர்வர். எனினும் 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்ததும் நெருப்பே.

செஞ்சாளரத்தை நெடுநேரம் பார்த்துநின்ற சிறுமி ஒருத்தி, “அம்மம்மான்ர வீட்டை எரிச்சதும் இந்த நெருப்புத்தானோ?” என்று கேட்டாள். எமக்கு உடனே மறுமொழி வரவில்லை. ஆமென்றால் கடவுளின் தேர்மீது பழி விழும். இல்லையென்றால் அது பொய். “நெருப்பு ஒன்றுதான் பிள்ளை. பிடிக்கிற கைதான் வேறை” என்று உடன்வந்த முதியவர் ஒருவர் சொன்னார். சிறுமி தலையாட்டினாள். நாம் இன்னும் அதை எண்ணிக்கொண்டிருக்கின்றோம்.

செந்நிறத்தை அடுத்து நீலச் சாளரம் உள்ளது. தமையனுக்கு அஞ்சி ஊரைவிட்டோடிய யாக்கோபு, கல்லைத் தலைக்கு வைத்து உறங்கியபோது விண்ணேணியைக் கண்ட கதை அது. அதனை எம் பிள்ளைகளுக்கு விளக்க நீண்ட உரை தேவைப்படவில்லை.

பீடப் பகுதி கிழக்கு நோக்கியது. ஆகையால் காலை வெயிலுள்ள நாளொன்றில் செல்வது நன்று. பிள்ளைகளையும், இயலுமாயின் அம்மம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள்.