பனிக்கட்டியாற்றைக் கைவிட்ட இருப்புப்பாதை

கனடா தேசத்தின் மேலைக்கடற்கரையிலுள்ள வான்கூவர் துறைமுகத்தினின்றும், ராக்கி மலைகளின் ஊடே கிழக்கு நோக்கிப் பான்ஃப் என்னும் ஊர் வரை ஒரு புகைவண்டி செல்கின்றது. ‘ராக்கி மவுண்டனீர்’ என்னும் பெயருடைய இவ்வண்டியை 1990-ஆம் ஆண்டு முதல் தனியார் நடத்தி வருகின்றனர். இது பகலில் மட்டுமே ஓடும். இரவு வந்ததும் பிரயாணிகள் கேம்லூப்ஸ் என்னும் ஊரில் இறங்கி விடுதியில் துயின்று, மறுநாட்காலை மீண்டும் ஏறுவர். மலைக்காட்சியில் ஒரு சிறு பகுதியும் இருளில் தப்பலாகாது என்பதே இதன் நோக்கம். விரைவு வேண்டுவோர்க்கு ஆகாய விமானம் இருக்கவே இருக்கின்றது.

இத்தகைய உலாக்களுக்கு ஏற்பாடு செய்வோர், பட்டியலின் இறுதியில் இன்னொன்றையும் சேர்ப்பது வழக்கம். விரும்புவோர் வான்கூவரிற் கப்பலேறி, வடக்கே அலாஸ்காக் கரையிலுள்ள பனிக்கட்டியாறுகளையும் கண்டு மீளலாம். அதற்குக் கட்டணம் வேறு. இவ்வாறு மலைக்கு வண்டி, பனிக்குக் கப்பல் என்று இரண்டும் பிரிந்து நிற்பது இன்றைய நிலை. முன்னாளில் வண்டியே பனிக்கட்டியாற்றின் அருகிற் போய் நின்றது. அது நின்றவாறும் பின்பு நீங்கியவாறும் அறியத்தக்கன ஆதலின், அவற்றை ஈண்டு ஒருவாறு விளக்கப் புகுந்தோம்.

1871-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கொலம்பியா என்னும் மேலை மாகாணம் கனடாவுடன் இணைந்தது. பத்தாண்டுகளுக்குள் கிழக்கேயிருந்து இருப்புப்பாதை வந்து சேர வேண்டுமென்பது அவ்விணைப்பின் நிபந்தனைகளுள் ஒன்று. தவணை கடந்தது, பாதை முடியவில்லை. மேற்கில் பிரேசர் ஆற்றின் செங்குத்தான கரைகளைக் குடைந்து வழி செய்யும் கொடிய வேலைக்குச் சீனத்தினின்று ஆட்கள் வருவிக்கப்பட்டனர். ஏறத்தாழ 15,000 பேர் வந்தனர். வெள்ளையர் பெற்ற கூலியினும் மிகக் குறைந்த கூலிக்கு வெடிமருந்து வைத்துப் பாறை பிளந்தவர் இவர்களே. வெடியாலும் நோயாலும் பாறைச் சரிவாலும் மாண்டோர் 600-க்குக் குறையார் என்பர்.

1885-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் கிரேகெல்லக்கி என்னுமிடத்தில் கடைசி ஆணி அறையப்பட்டது. டொனால்டு ஸ்மித் என்னும் செல்வர் சம்மட்டி பிடித்து நிற்கும் புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. அதில் சீனர் ஒருவரையும் காணோம். அவ்வாண்டிலேயே, அந்நாட்டிற்கு வரும் ஒவ்வொரு சீனர்மீதும் 50 டாலர் தலைவரி விதிக்கப்பட்டது. 1903-இல் அது 500 டாலராயிற்று. 1923 முதல் 1947 வரை சீனர் வருகையே ஏறக்குறைய முற்றும் தடுக்கப்பட்டிருந்தது. கனடா அரசாங்கம் இவ்வரிக்காக மன்னிப்புக் கேட்டது 2006-ஆம் ஆண்டில். கண்ணாடிக் கூரையிட்ட வண்டியில் அமர்ந்து பிரேசர் பள்ளத்தாக்கின் அழகை வியப்போர், சக்கரத்தின் கீழ் யாருடைய உழைப்புக் கிடக்கின்றதென்பதையும் அறிந்து வியத்தல் தகுமென்பது எம் கருத்து.

வழியில் ராக்கி மலைகளுக்கு முன்னே குறுக்கிடுவன செல்கர்க் மலைகள். பனிக்கட்டியாறு அங்கேயே உளதாதலின் அவற்றைப் பின்னர் எடுத்துக்கொள்வோம். அவற்றிற்கும் கிழக்கே, ராக்கி மலைகளின் முகட்டைப் பாதை கடக்குமிடம் கிக்கிங் ஹார்ஸ் கணவாய். உயரம் சுமார் 5,300 அடி. 1858-இல் இப்பக்கம் ஆராய வந்த ஜேம்ஸ் ஹெக்டர் என்னும் மருத்துவரைக் குதிரை ஒன்று உதைத்து வீழ்த்தியதனாற் பெற்ற பெயர் இது. இங்கே மேற்குச் சரிவு மிகக் கடியது. 100 அடிக்கு 2.2 அடிக்கு மேல் ஏற்றம் கூடாதென்பது விதி. பணமும் காலமும் போதாமையால், தற்காலிகமாக என்று சொல்லி, 100 அடிக்கு 4½ அடி ஏற்றத்தில் பாதையிட்டனர். அந்தத் ‘தற்காலிகம்’ 25 ஆண்டுகள் நீடித்தது!

1884-இல் இச்சரிவில் இறங்க முயன்ற முதல் வண்டியே கட்டுக்கடங்காது ஓடி மூவர் உயிரைக் குடித்தது. பின்னர், சரிவிற் சில இடங்களில் மலைமேல் ஏறும் கிளைப்பாதைகள் அமைத்தனர். அவற்றின் வாயில் எப்பொழுதும் கிளைப்பாதைக்கே திறந்திருக்கும். இறங்கிவரும் வண்டி அடக்கத்தில் உள்ளதென்று காவலாளி கண்டு தெளிந்த பின்னரே நேர்வழியைத் திருப்பிவிடுவான். அடங்காத வண்டி கிளையில் ஏறித் தானே ஓய்ந்து நிற்கும்.

இத்தொல்லைக்கு 1909-இல் திறக்கப்பட்ட சுருட்குகைகளே மருந்தாயின. ஏற்றத்தைக் குறைக்க வேண்டின் பாதையை நீட்ட வேண்டும். நீட்டுதற்குப் பள்ளத்தாக்கில் இடமில்லை. ஆகவே சுவிட்சர்லாந்தின் முறையைப் பின்பற்றிப் பாதையை மலையின் வயிற்றுக்குள்ளேயே வளைத்தனர். எதிரெதிர் மலைகளில் இரண்டு குகைகள்; ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3,000 அடி நீளம். வண்டி உள்ளே புகுந்து, வட்டத்தின் பெரும்பகுதியைச் சுற்றி, புகுந்த வாயிலுக்கு மேலே சுமார் 50 அடி உயரத்தில் வெளிப்படும். நீண்ட சரக்கு வண்டியாயின், தலை மேல்வாயிலில் வெளிவரும்போது வால் கீழ்வாயிலில் இன்னும் நுழைந்துகொண்டிருக்கும். பாம்பு தன் வாலைத் தானே தாண்டுவது போன்ற அக்காட்சியை எதிரிலுள்ள சாலையினின்று காணலாம்; உள்ளேயிருக்கும் பிரயாணிக்குக் கிடைப்பது இருளே.

இனிச் செல்கர்க் மலைகளுக்குத் திரும்புவோம். அங்குள்ள ரோஜர்ஸ் கணவாய்க்கு உணவு வண்டியை இழுத்தேற்றுவது பெருஞ்சுமையாயிருந்தது. ஆகவே கம்பெனியார் வழியிலேயே ஓர் உணவு விடுதி கட்டி, வண்டியை அங்கு நிறுத்தினர். அவ்விடுதியின் பெயர் ‘கிளேசியர் ஹவுஸ்’. இல்லிசிலவெட் என்னும் பனிக்கட்டியாறு அதன் முன்றிலினின்றே தோன்றும். சிறிது தூரம் நடந்தால் அதன் நுனியைத் தொடலாம். பசியாற இறங்கியோர் மலையழகில் மயங்கித் தங்கத் தலைப்பட்டனர். உணவு விடுதி உல்லாச விடுதியாய் வளர்ந்தது. 1899 முதல் சுவிட்சர்லாந்திலிருந்து மலையேற்ற வழிகாட்டிகளும் வருவிக்கப்பட்டனர்.

பனிக்கட்டியாறு என்பது யாதெனின்: உயர்ந்த மலைகளிற் பெய்யும் பனி, கோடையிலும் முற்றும் உருகாது எஞ்சி, ஆண்டுதோறும் அடுக்கடுக்காய்ப் படிந்து, தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகி, சரிவு வழியே மெல்ல இறங்குவதாம். மேலே சேர்வது மிகுந்தால் நுனி முன்னேறும். கீழே கரைவது மிகுந்தால் பின்வாங்கும். பின்வாங்கும்போதும் பனி மலைமேல் ஏறுவதில்லை. அது கீழ்நோக்கியே நகரும். வரவினும் செலவு மிகுதலின் நுனி குறுகுகின்றது, அவ்வளவே.

1887-இல் பிலடெல்பியா நகரத்தைச் சேர்ந்த வாக்ஸ் குடும்பத்தார் இவ்விடுதிக்கு வந்து இப்பனிக்கட்டியாற்றைப் புகைப்படம் எடுத்தனர். 1894-இல் மீண்டும் வந்தபோது நுனி கண்ணுக்குத் தெரியுமளவு பின்வாங்கியிருந்தது. அன்று முதல் மேரி, ஜார்ஜ், வில்லியம் என்னும் உடன்பிறந்தார் மூவரும் பாறைகளிற் குறியிட்டு, ஒரே இடத்தில் நின்று படமெடுத்து, அளந்து வந்தனர். விடுமுறைக்கு வந்தவர்களின் பொழுதுபோக்கு, இன்று அறிஞர் போற்றும் சான்றாயிற்று. இப்போது அந்நுனி அவர்கள் முதலிற் கண்ட இடத்தினின்று அரை மைலுக்கும் மேலாக விலகிவிட்டது.

பனி விலகியது ஒருபுறமிருக்க, வண்டியும் விலகியது. கணவாயில் பனிச்சரிவுகள் ஓயாது உயிர்ப்பலி கொண்டன. 1910-ஆம் ஆண்டு மார்ச்சு 4-ஆம் நாள் இரவு, ஒரு சரிவை அகற்றிக்கொண்டிருந்த தொழிலாளர்மீது எதிர்மலையினின்று மற்றொரு சரிவு விழுந்தது. மாண்டோர் 58 பேர். அவருட் பலர் ஜப்பானியர். கம்பெனியார் இனிக் கணவாயோடு போராடுவதில்லை என முடிவு செய்து, மலையின் கீழே 5 மைல் நீளக் குகை தோண்டி 1916-இல் திறந்தனர். பாதை குகைக்குள் மறைந்ததும் விடுதி வழியை விட்டு ஒதுங்கிப்போயிற்று, 1925-இல் மூடப்பட்டது. 1988-இல் இன்னும் தாழ்வாக, 9 மைலுக்கு மேற்பட்ட மற்றொரு குகையும் திறக்கப்பட்டது.

ஆகவே இப்போது பனிக்கட்டியாற்றை அருகிற் காண விழைவோர் கடல்வழி செல்கின்றனர். கப்பல்கள் நாடும் இடங்களுள் தலையாயது அலாஸ்காவிலுள்ள கிளேசியர் வளைகுடா. எந்த மாலுமியின் பெயரை வான்கூவர் துறைமுகம் தாங்கியுள்ளதோ, அவருடைய ஆட்கள் 1794-இல் படகில் வந்தபோது அங்கு வளைகுடா என்று சொல்லத்தக்கது இல்லை. சுமார் 5 மைல் உள்வாங்கிய கரையும், வழிமறித்து நின்ற பனிச்சுவருமே இருந்தன. 1879-இல் ஜான் மியூர் தோணியிற் சென்றபோது அச்சுவர் 40 மைலுக்கு மேல் பின்சென்றிருந்தது. இன்று கப்பல் 65 மைல் உள்ளே போகலாம். இவ்விலகல் முழுவதையும் இக்காலத்து வெப்பத்தின்மேல் ஏற்றுவது பொருந்தாது. அது ஆலைப்புகை உலகை மூடுதற்கு முன்னரே தொடங்கியது. கடலில் இறங்கும் பனிக்கட்டியாறு, தான் தள்ளிக் குவித்த மண்மேட்டை ஊன்றி நிற்கும். அம்மேட்டை விட்டு ஆழநீரில் பின்வாங்கினால், உடைந்து உடைந்து விரைவில் அழியும். இல்லிசிலவெட் போன்ற மலைப்பனி இப்போது தேய்வதற்கோ வெப்பமே பெருங்காரணம்.

வளைகுடாவின் கோடியில் மார்ஜரி என்னும் பனிக்கட்டியாறு ஒரு மைல் அகலத்தில், நீர்மேல் சுமார் 250 அடி உயர்ந்து, நீலம் பாரித்து நிற்கின்றது. இறுகிய பனி செவ்வொளியை உண்டு நீலத்தை விடுவதே இந்நிறத்திற்குக் காரணம். சுவரின் ஒரு பகுதி பிளந்து கடலில் விழுங்கால், கண்ணுக்கு முதலில் தோன்றி, பின்னரே இடி போன்ற ஒலி வந்து சேரும். அடுத்துள்ள கிராண்ட் பசிபிக் பனிக்கட்டியாறோ கல்லும் மண்ணும் போர்த்துக் கருத்துக் கிடக்கின்றது. புதியோர் அதனைப் பனியென்றே அறியார்.

நாளொன்றுக்கு இரண்டு பெருங்கப்பல்களே இவ்வளைகுடாவினுள் விடப்படும். ஹூனா டிலிங்கிட் என்னும் பழங்குடியினர்க்கு இதுவே தாயகம். பனி முன்னேறி வந்த 18-ஆம் நூற்றாண்டில் அவர்கள் ஊர்களை இழந்து கடல்கடந்து குடியேறினர். பனி நீங்கிய பின்னர் அவ்விடம் அரசாங்கத்தின் காப்பு நிலமாயிற்று. 2016-இல் வளைகுடாவின் வாயிலருகே, பார்ட்லெட் துறையில், செதுக்கிய மரத்தூண்களுடன் அவர்களது குலமனை மீண்டும் எழுந்தது. பனியைக் காட்டச் செல்லும் பெருங்கப்பல்கள் அத்துறையில் நிற்பதில்லை.