சட்ட அதிகார எல்லையும் தரவுத் தனியுரிமையும்

சட்ட அதிகார எல்லை (இலங்கை வழக்கு: நியாயாதிக்கம்) என்பது ஒரு நாட்டின் சட்டமும் நீதிமன்றமும் யார் மீது, எவ்விடத்தில் செல்லுபடியாகும் என்பதைக் குறிக்கும். இணையச் சேவை நிறுவனங்கள் சில, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் தாம் பதிவு செய்யப்பட்டிருப்பதைப் பயனர் தரவுகளுக்கான பாதுகாப்பாக முன்வைக்கின்றன. இப்பாதுகாப்பு உண்மையானதே ஆயினும் வரம்புக்குட்பட்டது. அது தரவைக் கேட்டுப் பெறும் வழியை நீட்டிக்கிறது, முற்றாக அடைப்பதில்லை.

பல்வேறு எல்லைகள்

ஓர் இணையச் சேவையை ஒரு நாட்டின் சட்டம் மட்டும் ஆள்வதில்லை. நிறுவனம் பதிவான நாடு, வழங்கிகள் உள்ள நாடு, தாய் நிறுவனத்தின் நாடு, பயனர் வாழும் நாடு ஆகிய நான்கும் அதில் இடம்பெறலாம். அயர்லாந்தில் உள்ள வழங்கியில் இருந்த மின்னஞ்சல்களை அமெரிக்க அரசு 2013 இல் மைக்ரோசாப்ட் நிறுவனத்திடம் கேட்டது. நிறுவனம் அதனை எதிர்த்து வழக்காடியது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருந்தபோதே, 2018 மார்ச்சில் கிளவுட் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி, தரவு எந்நாட்டில் இருந்தாலும் அமெரிக்க நிறுவனம் முறையான ஆணைக்குப் பணிந்து அதனைத் தர வேண்டும்.

எடுத்துக்காட்டாக, திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டையில் வாழும் ஒருவர் செனீவா நகர நிறுவனமொன்றில் மின்னஞ்சல் கணக்கு வைத்திருப்பதாகக் கொள்ளலாம். நிறுவனத்துக்குச் சுவிட்சர்லாந்துச் சட்டம் பொருந்தும். ஆனால் பயனரின் கைபேசியும் இணைய இணைப்பும் இந்தியச் சட்டத்துக்கு உட்பட்டவை. ஊரோ சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் எல்லைக்குள் அமைந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 இன் 69 ஆம் பிரிவின்படி, மறைகுறியை நீக்க உதவுமாறு பயனருக்கே ஆணையிடலாம். மறுத்தால் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு.

சென்னைப் பள்ளிகள் நிகழ்வு

2024 பிப்ரவரி 8 அன்று சென்னையிலுள்ள பல தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல்கள் வந்தன. அவை வெற்று மிரட்டல்கள் எனப் பின்னர் தெரியவந்தது. அனுப்பியவர் பயன்படுத்தியது செனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட புரோட்டான் மெயில் சேவை ஆகும். வெளிநாட்டு அரசின் சார்பில் சுவிட்சர்லாந்து மண்ணில் செயற்படுவதை அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 271 ஆம் பிரிவு தடை செய்வதால், பிற நாட்டுக் காவல்துறையினர் அந்நாட்டு அதிகாரிகள் வழியாகவே தரவைக் கோர வேண்டும்.

தமிழ்நாடு காவல்துறையின் கோரிக்கையை அடுத்து, 69ஏ பிரிவின் கீழ் அச்சேவையையே முடக்க நடுவண் அரசு முற்பட்டது. சுவிட்சர்லாந்து அதிகாரிகள் இந்திய அதிகாரிகளைத் தொடர்பு கொண்டனர். 2025 ஏப்ரலில், வேறொரு வழக்கில் கருநாடக உயர் நீதிமன்றம் இச்சேவையை முடக்கும் நடவடிக்கையைத் தொடங்குமாறு நடுவண் அரசுக்கு ஆணையிட்டது. தரவைப் பெற இயலாத அரசு, சேவையையே முடக்க முயலலாம் என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன. அவ்வாறு நேர்ந்தால் குற்றம் செய்யாத பயனர்களும் பாதிக்கப்படுவர்.

சுவிட்சர்லாந்தின் அனுபவம்

2021 இல், பிரெஞ்சுக் காவல்துறையின் கோரிக்கை யூரோபோல் வழியாகச் சுவிட்சர்லாந்து அதிகாரிகளை அடைந்தது. அவர்களது ஆணைப்படி, காலநிலை ஆர்வலர் ஒருவரின் ஐ.பி. முகவரியைப் புரோட்டான் பதிவு செய்து வழங்கியது. மறையாக்கம் செய்யப்பட்டிருந்ததால் அஞ்சல்களின் உள்ளடக்கம் வழங்கப்படவில்லை. இதன்பின், ஐ.பி. முகவரிகளைப் பதிவு செய்வதில்லை என்று தன் தளத்தில் இருந்த வாசகத்தை அந்நிறுவனம் மாற்றியது.

இதற்கு முந்தைய எடுத்துக்காட்டு கிரிப்டோ ஏஜி. சுவிட்சர்லாந்தின் நடுநிலையை நம்பிப் பல அரசுகள் இந்நிறுவனத்தின் மறையாக்கக் கருவிகளை வாங்கின. அமெரிக்காவின் சிஐஏ, மேற்கு செருமனியின் பிஎன்டி ஆகிய உளவு அமைப்புகள் 1970 முதல் மறைமுகமாக இந்நிறுவனத்தின் உரிமையாளர்களாக இருந்தன என்பது 2020 பிப்ரவரியில் வெளியானது.

மறையாக்கத்தின் பங்கு

வாட்சப் அமெரிக்க நிறுவனத்துக்கு உரியது. எனினும் முனைக்கு முனை மறையாக்கம் இருப்பதால் செய்திகளின் உள்ளடக்கம் நிறுவனத்திடமே இல்லை. சமூக ஊடகக் கணக்குகளை அரசு அடையாள அட்டையுடன் இணைக்கக் கோரி 2018 இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்குகள், செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிவது பற்றிய விவாதமாக மாறின. 2021 பிப்ரவரியில் வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய செய்திச் சேவைகள் அவரைக் கண்டறிய வழிசெய்ய வேண்டும் என்றன. வாட்சப் இதனை எதிர்த்து அதே ஆண்டில் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது.

மறையாக்கமும் அனைத்தையும் மறைப்பதில்லை. மின்னஞ்சலில் அனுப்புநர், பெறுநர், நேரம் ஆகியன பொதுவாக நிறுவனத்துக்குத் தெரியும். புரோட்டான் மெயிலில் பொருள் வரியும் முனைக்கு முனை மறையாக்கத்துக்கு உட்பட்டதன்று.

எல்லையை மாற்றிக்கொள்ளுதல்

மெய்நிகர் தனியார் வலையமைப்புச் சேவைகள் பயனர்களின் பெயர், முகவரி முதலியவற்றை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்தியா பணித்தது. இதனால் பல நிறுவனங்கள் தம் வழங்கிகளை இந்தியாவிலிருந்து அகற்றின. ஆயினும், 2023 இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இந்தியாவிலுள்ளோருக்குச் சேவை வழங்கும் வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் பொருந்துமாறு எழுதப்பட்டுள்ளது. அறிவிக்கப்படும் அரசு அமைப்புகளுக்கு அதன் 17 ஆம் பிரிவு விலக்களிக்கிறது.

மதிப்பீடு

ஒரு சேவையின் பாதுகாப்பை அறிய மூன்று வினாக்கள் உதவும்: நிறுவனம் எத்தரவைச் சேமிக்கிறது? அதை நிறுவனத்தால் படிக்க இயலுமா? எந்நாட்டு ஆணைக்கு அது பணிய வேண்டும்? மூன்றாவது வினாவுக்கான விடை சட்டத்திருத்தத்தாலோ, நிறுவனத்தின் உரிமை கைமாறுவதாலோ மாறக்கூடும். சேமிக்கப்படாத தரவை எந்நாட்டு நீதிமன்றத்தாலும் பெற இயலாது.

இவற்றையும் பார்க்கவும்

* மறையாக்கம்
* தனியுரிமை
* தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000